பட்டம் பறக்கும் இடத்தில் குடை விரிப்பதற்கு முன்: லைட் ஸ்டாண்டுக்கு எடை தேர்ந்தெடுப்பது எப்படி?

சிங்கப்பூரின் மரினா அணைக்கட்டின் புல்வெளிக் கூரையில் ஞாயிற்றுக்கிழமை மாலையில் ஏறி நின்றால் தலைக்கு மேலே பட்டங்கள், எதிரே நகரத்தின் உயர்ந்த கட்டடங்கள். பட்டம் விடுகிறவர்கள் அங்கே வருவது காற்றுக்காக. திருமணத்துக்கு முந்தைய படம் எடுக்க ஜோடிகள் வருவது பின்னணிக்காக. இரண்டு கூட்டத்துக்கும் நடுவில், ஃபிளாஷின் ஒளியை மென்மையாக்கும் ஒரு மீட்டர் அகலமுள்ள வெள்ளைக் குடையை, லைட் ஸ்டாண்டு எனும் இரண்டு மீட்டர் உயர மூன்றுகால் கம்பியில் செருகிவிட்டு நிற்கும் புகைப்படக்காரர், தாமும் ஒரு பட்டத்தைத்தான் விட்டுக்கொண்டிருக்கிறோம் என்பதை மறந்துவிடுகிறார்.

நானும் மறந்தேன். நான் முதன்முதலாக அங்கே விளக்கு வைத்த நாளில் எடை என்று என்னிடம் ஒன்றுமே இல்லை. மணமகள் புடவைக் கொசுவத்தைச் சரிசெய்யக் குனிந்தாள். அந்த நொடியில் ஸ்டாண்டு அவள் தலைக்கு மேலே கடந்து போய்த் தரையில் விழுந்தது. ஃபிளாஷின் கால் முறிந்தது, குடையின் இரண்டு கம்பிகள் வளைந்தன. வீடு திரும்பும் வழியெல்லாம் எனக்கு ஃபிளாஷின் விலை நினைவுக்கு வரவில்லை. அவள் குனியாமல் நின்றிருந்தால் என்ற எண்ணம்தான் திரும்பத் திரும்ப வந்தது.

முதல் ஃபிளாஷும் முதல் லைட் ஸ்டாண்டும் வாங்கிவிட்டு, அத்தை மகளின் வளைகாப்பையோ நண்பனின் பதிவுத் திருமணத்தையோ படமெடுக்கப் புறப்படுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். கார் வைத்திருப்பவர்கள் பாதியைப் படித்தால் போதும். இந்த ஊரில் நம்மில் பலர் எம்ஆர்டி ரயிலிலும் பேருந்திலும் சாமான்களைச் சுமந்து போகிறவர்கள். வெளிநாட்டு அறிவுரைகளோ பின்கதவு திறக்கும் பெரிய வண்டி எல்லோரிடமும் இருப்பதாக எண்ணிக்கொண்டு பேசுகின்றன. 15 கிலோ மணல் பை நல்ல பைதான். பீஷான் நிலையத்தில் ரயில் மாறும்போது அதன் அருமை தெரியும். மறுமுறை அதை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போவோம். வீட்டில் கிடக்கும் பை எந்த ஸ்டாண்டையும் பிடித்து நிறுத்தாது. ஆகவே எடை தேர்ந்தெடுக்கும்போது காற்றையும் ஸ்டாண்டையும் கணக்கில் எடுப்பதைப் போல உங்கள் தோளையும் கணக்கில் எடுங்கள்.

முதல் படி: ஸ்டாண்டை அளந்து பாருங்கள்

கடைக்குப் போவதற்கு முன் வீட்டில் ஓர் அளவு நாடாவை எடுங்கள். ஸ்டாண்டின் மூன்று கால்களையும் நன்றாக விரித்து, நடுத்தண்டிலிருந்து ஒரு காலின் நுனி வரை எவ்வளவு தூரம் என்று பாருங்கள். சாதாரண ஸ்டாண்டுகளில் இது 45 முதல் 50 சென்டிமீட்டர் வரை இருக்கும். 50 என்றே வைத்துக்கொள்வோம்.

ஸ்டாண்டு சாயும்போது ஒரு காலின் மேல் சாய்வதில்லை. இரண்டு கால்களுக்கு நடுவிலுள்ள இடைவெளிப் பக்கமாகத்தான் சாய்கிறது. மூன்று கால் நுனிகளையும் கோடு போட்டு இணைத்தால் ஒரு முக்கோணம் வரும். அதன் நடுவிலிருந்து ஒரு பக்கத்துக்கு உள்ள தூரம், கால் நுனிக்கு உள்ள தூரத்தில் சரிபாதி. அதாவது 50 சென்டிமீட்டர் கால் இருந்தாலும் உங்களைக் காப்பாற்றுவது 25 சென்டிமீட்டர்தான்.

இனி ஒரு சின்னக் கணக்கு. ஸ்டாண்டு, ஃபிளாஷ், குடை, எடைப் பை எல்லாவற்றின் மொத்த எடையைக் கிலோவில் எடுத்து, அந்த 25-ஆல் பெருக்கி, விளக்கு இருக்கும் உயரத்தால் வகுத்தால், உச்சியில் எத்தனை கிலோ விசையோடு தள்ளினால் ஸ்டாண்டு விழும் என்பது தெரிந்துவிடும். ஸ்டாண்டு ஒன்றரைக் கிலோ, ஃபிளாஷும் குடையும் சேர்ந்து ஒரு கிலோ, உயரம் 200 சென்டிமீட்டர் என்றால், 2.5 பெருக்கல் 25 வகுத்தல் 200. விடை சுமார் 0.3 கிலோ. முந்நூறு கிராம்! மேசையில் இருக்கும் தேநீர்க் கோப்பையை ஒதுக்கித் தள்ளும் விசை. எடை இல்லாத ஸ்டாண்டு நிற்பது நம் அதிர்ஷ்டத்தில்தான்.

அதே ஸ்டாண்டில் 7 கிலோ பை ஒன்றைச் சேர்த்தால் விடை 1.2 கிலோவாக உயர்கிறது. உயரத்தை 150 சென்டிமீட்டராக இறக்கினால் 1.6 கிலோ. ஆனால் இடம் போதவில்லை என்று கால்களைப் பாதி மட்டும் விரித்து, நுனியின் தூரம் 30 சென்டிமீட்டராகக் குறைந்துவிட்டால், 7 கிலோ பையோடும் 0.7 கிலோதான். கால்களை முழுதாக விரிப்பதற்குக் காசு செலவில்லை, தோள் வலியும் இல்லை. அப்படியும் புதியவர்கள் முதலில் கோட்டைவிடுவது இதில்தான். ஒரே எச்சரிக்கை: நடுத்தண்டின் அடி தரையைத் தொடும் அளவுக்கு விரித்துவிடாதீர்கள். தொட்டால் கால்கள் தரையில் சரியாக ஊன்றாமல் ஸ்டாண்டு ஆடும்.

இரண்டாம் படி: காற்றைப் பாருங்கள்

காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அது தள்ளும் விசை நான்கு மடங்காகும். ஒரு மீட்டர் அகலக் குடையைக் காற்று நேராக அடித்தால், மணிக்கு 10 கிலோமீட்டர் வேகத்தில் தோராயமாக அரைக் கிலோ விசை. 20 கிலோமீட்டரில் 2 கிலோ. 40 கிலோமீட்டரில் 8 கிலோ. முதல் படியில் கிடைத்த எண்ணோடு இவற்றை ஒப்பிட்டுப் பாருங்கள். 7 கிலோ பை போட்ட ஸ்டாண்டு 10 கிலோமீட்டர் காற்றில் நிம்மதியாக நிற்கும். 20 கிலோமீட்டரில் விழுந்துவிடும். அதே குடை 20 கிலோமீட்டரில் நிற்க வேண்டுமானால் மொத்த எடை 16 கிலோவாவது இருக்க வேண்டும். 40 கிலோமீட்டரில் 64 கிலோ. அதற்கு மணல் பை தேடுவதைவிட ஒரு மனிதரைக் கூப்பிட்டு ஸ்டாண்டின் மேல் உட்காரச் சொல்லலாம்.

வேகம் அளக்கும் கருவி வேண்டியதில்லை. முகத்தில் காற்று படுவது தெரிந்து, இலைகள் சலசலத்தால் அது மணிக்கு 10 கிலோமீட்டருக்குப் பக்கம். இலைகளும் சிறு கிளைகளும் ஓயாமல் அசைந்து, கொடிகள் விரிந்து நின்றால் 12-இலிருந்து 19 வரை. தேசிய தினத்தையொட்டி அடுக்குமாடிகளில் கொடி தொங்கும் மாதங்களில் இதைப் பார்ப்பது சுலபம். தரையிலுள்ள காகிதமும் தூசியும் எழும்பினால் 20-ஐத் தாண்டிவிட்டது, குடையை மடித்துவிடுங்கள்.

சிங்கப்பூர் புயல் அடிக்காத ஊர் என்ற நினைப்பில் அலட்சியம் வரும். ஆண்டு முழுவதும் காற்று பெரும்பாலும் மெல்லியதுதான், மறுக்கவில்லை. ஆனால் ஜனவரி, பிப்ரவரியில் வடகிழக்குப் பருவக்காற்று சில நாட்கள் விடாமல் வீசும். கிழக்குக் கடற்கரைப் பக்கம் அது நன்றாகவே தெரியும். ஏப்ரல் முதல் நவம்பர் வரை ‘சுமத்ரா’ என்று நாம் சுருக்கமாகச் சொல்லும் சூறைக்காற்று உண்டு. மலாக்கா நீரிணைப் பக்கமிருந்து ஒரு வரிசையாக வந்து, மணிக்கு 40 முதல் 80 கிலோமீட்டர் வரை வீசிவிட்டுப் போகும். பெரும்பாலும் விடியலுக்கு முன்னும் காலையிலும் வரும். சூரிய உதயத்தில் படம் எடுக்கலாம் என்று ஜோடிக்கு ஆசை காட்டுகிறவர்கள் இதை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். மேற்கு வானம் கறுத்து, திடீரென்று காற்று குளிர்ந்தால் எடையைக் கூட்டிப் பயனில்லை. விளக்கை இறக்குங்கள். இங்கே இடி மின்னலும் அதிகம். திறந்த வெளியில் உலோகக் கம்பியை நிமிர்த்தி வைத்துக்கொண்டு அதன் பக்கத்தில் யாரும் நிற்கக் கூடாது. வானிலையைக் கைப்பேசியில் பார்த்துக்கொண்டே இருங்கள்.

மூன்றாம் படி: எடையைக் கூட்டுவதற்கு முன் குடையைக் குறையுங்கள்

கடைக்காரர்கள் இதைச் சொல்ல மாட்டார்கள். ஃபிளாஷின் முன்னே மாட்டும் துணிப் பெட்டியான சாஃப்ட்பாக்ஸில், 60 சென்டிமீட்டர் சதுரமானதன் பரப்பு, ஒரு மீட்டர் குடையின் பரப்பில் பாதிக்கும் குறைவு. 20 கிலோமீட்டர் காற்றில் அதன் மேல் விழுவது ஒரு கிலோவுக்கும் குறைந்த விசைதான். அதாவது குடைக்குப் போதாத அதே 7 கிலோ பை இதற்குப் போதும். சாஃப்ட்பாக்ஸைக் கொஞ்சம் அருகில் கொண்டுவந்து வைத்தால் ஒளியின் மென்மையும் பெரிதாகக் குறையாது. காற்றுள்ள இடத்துக்கு 120 சென்டிமீட்டர் எட்டுமுகப் பெட்டியைச் சுமந்து போகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பாவமாக இருக்கும், பெட்டியைவிட அதன் கீழே நிற்கிற மணமகனைப் பார்த்து.

இன்னொரு வழி, ஸ்டாண்டே வேண்டாம் என்பது. ஒற்றைக்கால் தாங்கியின் நுனியில் ஃபிளாஷை மாட்டி ஒருவர் கையில் கொடுத்துவிட்டால், காற்று வரும்போது அவரே பிடித்துக்கொள்வார், சாய்த்துக்கொள்வார். மாப்பிள்ளையின் தம்பி எப்போதும் சும்மாதான் நிற்கிறார். ஹெண்டர்சன் வேவ்ஸ் பாலத்தில் நான் இந்த வழியை மட்டும்தான் பின்பற்றுகிறேன். சாலையிலிருந்து 36 மீட்டர் உயரத்தில் இருக்கும் பாலம் அது. அங்கே சாயும் ஸ்டாண்டு கைப்பிடிச் சுவருக்கு உள்ளே விழும் என்று யாரால் உறுதி சொல்ல முடியும்?

நான்காம் படி: என்ன எடை வாங்குவது?

இங்கேதான் நிறையப் பேச வேண்டியிருக்கிறது. ஒவ்வொன்றாகச் சொல்கிறேன், என் விருப்பு வெறுப்பையும் சேர்த்து.

மணல் பை. இரண்டு அறைகளும் நடுவில் ஒரு கைப்பிடியும் உள்ள, குதிரைச் சேணம்போல் இருபுறமும் தொங்கும் பை. கேமராக் கடைகளில் காலிப் பையாகவே விற்பார்கள், அதையே வாங்குங்கள். ஒரு 14 கிலோ பையைவிட இரண்டு 7 கிலோ பைகள் மேல். ஒன்றை வலது கையிலும் மற்றொன்றை இடது கையிலும் பிடித்தால் நடை நேராக இருக்கும். மெல்லிய காற்று நாளில் ஒன்றை மட்டும் எடுத்துப் போகலாம். இரண்டு ஸ்டாண்டு வைக்க நேர்ந்தால் பகிர்ந்துகொள்ளலாம். 7 கிலோ உலர்ந்த மணல் நாலரை லிட்டர் இடத்துக்குள் அடங்கிவிடும், அதனால் பை சிறியதாகவே இருக்கும்.

மணல் எங்கே கிடைக்கும்? இந்த ஊருக்கு மணலே கப்பலில்தான் வருகிறது, ஆகவே இலவசமாக அள்ளலாம் என்று எதிர்பார்க்காதீர்கள். ஹார்ட்வேர் கடைகள், செடி விற்கும் நர்சரிகள், மீன் தொட்டிச் சாமான் கடைகள் ஆகியவற்றில் கேளுங்கள். கழுவி உலர்த்திய மணலாக வாங்கினால் தூசி குறைவு. கடற்கரைக்குப் போய்க் காலிப் பையை அங்கேயே நிரப்பி, முடிந்ததும் கொட்டிவிட்டு வரலாம் என்று சிலர் சொல்வார்கள். எனக்கு இது பிடிக்காது. ஈரமும் உப்புமாக உள்ள மணல் ஜிப்பைத் தின்றுவிடும். பூங்காவின் மணலை அள்ளலாமா என்று அதிகாரியோடு நின்று பேசிக்கொண்டிருக்கவும் முடியாது, அந்தி வெளிச்சம் நமக்காகக் காத்திருக்காது.

மணலை நேராகப் பைக்குள் கொட்டாதீர்கள். கெட்டியான பிளாஸ்டிக் பையில் இட்டு, காற்றை வெளியேற்றி, வாயை ஒட்டுநாடாவால் சுற்றி, அதன் மேல் இன்னொரு பிளாஸ்டிக் பையைப் போட்டு, பிறகு ஜிப்புக்குள் வையுங்கள். லென்ஸின் வளையத்துக்குள் ஒரே ஒரு மணல் துகள் போனாலும் அந்தக் கரகரப்பு ஆயுளுக்கும் காதில் கேட்கும். இன்னொன்று, பையை முக்கால் பங்குக்கு மேல் நிரப்பாதீர்கள். தலையணைபோல் உப்பிய பை காலின் மேல் உட்காராமல் உருண்டுவிடும். தொளதொளவென்று இருந்தால்தான் காலைக் கவ்விக்கொண்டு தொங்கும்.

தண்ணீர்ப் பை. எம்ஆர்டிக்காரர்களுக்கு வரப்பிரசாதம். காலியாகப் போகும்போது எடையே இல்லை. இடத்தை அடைந்ததும் குழாயில் நிரப்பிக்கொள்ளலாம். ஒரு லிட்டர் ஒரு கிலோ, கணக்கும் சுலபம். குறைகளும் உண்டு. மணலைவிடப் பெரிதாக உப்பும், தளும்பும், சில காலத்தில் தையலில் கசியும். ஃபிளாஷின் பேட்டரிப் பெட்டி தரையில் இருந்தால் கசிவு ஆபத்து. குழாய் எங்கே இருக்கிறது என்பதை முன்பே தெரிந்துகொண்டு போக வேண்டும். மரினா அணைக்கட்டில் கழிப்பறைக் குழாய் கூரைக்குக் கீழே இருக்கிறது. 7 லிட்டரைச் சுமந்துகொண்டு அந்தச் சரிவில் ஏறும்போது தண்ணீரும் எடைதான் என்பது நினைவுக்கு வரும்.

தனிப் பை வாங்கப் பணமில்லை என்றால் ஒன்றரை லிட்டர் தண்ணீர்ப் போத்தல்கள் நான்கை ஒரு கெட்டியான துணிப்பையில் போட்டு, நடுத்தண்டில் தொங்கவிடுங்கள். 6 கிலோ. படப்பிடிப்பு முடியும்போது எல்லோரும் குடித்து முடித்திருப்பார்கள். ஒரே ஒரு சங்கடம், படப்பிடிப்பு முடிவதற்கு முன்னாலேயே குடித்துவிடுவார்கள்.

கணுக்கால் எடை. ஓடுகிறவர்கள் காலில் கட்டிக்கொள்ளும் பட்டை. விளையாட்டுப் பொருள் கடைகளில் கிடைக்கும். ஒன்று 1, 2 கிலோதான் இருக்கும், ஆனால் ஸ்டாண்டின் காலில் சுற்றிக் கட்டிவிட்டால் வெளியே துருத்தாது, எவர் காலிலும் தட்டாது. காற்றில்லாத நெருக்கமான இடங்களுக்கு நல்லது. திறந்த வெளிக்கு இதை மட்டும் நம்பிப் போகாதீர்கள்.

இரும்புக் குண்டுகள் நிரப்பிய பைகள் மணலைவிடச் சிறியவை, ஆனால் விலை கூடுதல். இங்குள்ள ஈரக் காற்றில், அதுவும் கடலோரத்தில், உள்ளே துருப்பிடித்துச் சிவப்புப் பொடியாக வெளிவரும். ஈயம் வேண்டவே வேண்டாம், வீட்டில் குழந்தைகள் இருப்பார்கள்.

கேமராப் பையையே நடுத்தண்டில் மாட்டுவது. எல்லாரும் செய்வது இதுதான், நானும் செய்திருக்கிறேன். காலையில் 8 கிலோவாக மாட்டிய பையிலிருந்து ஒவ்வொரு லென்ஸாக எடுக்க எடுக்க எடை குறைந்துகொண்டே வரும். மாலையில் காற்று கூடும் நேரத்தில் பை காலியாக ஆடிக்கொண்டிருக்கும். தப்பித்தவறி ஸ்டாண்டு விழுந்தால் ஃபிளாஷோடு லென்ஸ்களும் விழும். வேறு வழியே இல்லாதபோது மட்டும் இதைச் செய்யுங்கள்.

அரிசி. சிரிக்காதீர்கள். ஈசூனில் ஓர் அடுக்குமாடியின் கீழே, சுவரில்லாமல் தூண்கள் மட்டும் நிற்கும் வெற்றுத்தளத்தில் வளைகாப்பு. தூண்களுக்கு இடையே காற்று புகுந்து புகுந்து வந்தது. என்னிடம் 7 கிலோ மணல் பை ஒன்று மட்டும் இருந்தது, ஸ்டாண்டுகளோ இரண்டு. சமையலுக்கு வாங்கி வைத்திருந்த மூட்டைகளிலிருந்து பெண்ணின் அத்தை 5 கிலோ பொன்னி அரிசிப் பை இரண்டைத் தூக்கி வந்து, “இந்தாப்பா, இது போதுமா, இன்னும் வேண்டுமா?” என்றார். பழைய புடவைத் துண்டால் இரண்டையும் வாய்க்கு வாய் கட்டிக் காலின் மேல் குறுக்கே போட்டோம். சேணப் பைக்கு அது எந்த விதத்திலும் குறையவில்லை. பிற்பகல் பந்தி நேரத்தில் அவர் வந்து ஒன்றைத் திரும்ப எடுத்துப் போய்விட்டார், அது வேறு கதை.

இவ்வளவும் சொன்ன பிறகு, என்னதான் வாங்குவது என்று கேட்டால்: 7 கிலோ மணல் பை ஒன்று, மடித்துவைக்கக்கூடிய தண்ணீர்ப் பை ஒன்று. மணல் பை எப்போதும் உடன் வரட்டும். தண்ணீர்ப் பை காலியாகப் பையின் அடியில் கிடக்கட்டும், காற்று கூடினால் நிரப்பிக்கொள்ளலாம். சாமான் ஏற்றும் சிறு மடிப்புத் தள்ளுவண்டி ஒன்று இருந்தால் இன்னும் நல்லது. எடையைச் சக்கரத்துக்குப் பக்கத்தில் அடியில் வையுங்கள், மேலே வைத்தால் மின்தூக்கி வாசலின் சின்ன மேட்டில் வண்டி குப்புறக் கவிழும்.

ஐந்தாம் படி: பையை எங்கே போடுவது?

நல்ல பையைத் தவறான இடத்தில் போட்டால் பாதிப் பயன் போய்விடும். முதலில் ஸ்டாண்டைத் திருப்புங்கள். காற்று எந்தப் பக்கம் தள்ளுகிறதோ அந்தப் பக்கம் ஒரு கால் நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். இரண்டு கால்களின் இடைவெளிப் பக்கம் தள்ளுவதைவிடக் காலின் பக்கம் தள்ளிச் சாய்க்க இரண்டு மடங்கு விசை தேவை. காற்று திசை மாறும் என்பதால் கணக்குப் போடும்போது பலவீனமான பக்கத்தையே எடுத்துக்கொண்டோம். ஆனாலும் நிறுத்தும்போது இந்தச் சலுகையை விடுவானேன். குறுக்குக் கம்பியில் விளக்கை வெளியே நீட்டி வைக்கும்போதும் இதே விதிதான்: விளக்குக்கு நேர்கீழே ஒரு கால்.

பிறகு பை. விழக்கூடிய பக்கத்துக் காலின் நுனியில் போடாதீர்கள், அங்கே அது வேலை செய்யாது. ஒரே பை என்றால் நடுத்தண்டுக்கு ஒட்டினாற்போல். இரண்டு இருந்தால் பின்பக்கக் கால்கள் இரண்டிலும் ஆளுக்கொன்று. பை காலின் மேல் தொங்க வேண்டும். தரையில் படுத்துக்கொண்டு காலை ஒப்புக்குத் தொட்டுக்கொண்டிருந்தால், ஸ்டாண்டு ஆட ஆரம்பித்த பிறகுதான் அதன் எடை இறங்கும்.

நடுத்தண்டில் தொங்கவிடுகிறவர்கள் கீழ்த் திருகுக்குப் பக்கத்தில் மாட்டுங்கள். நீளமான கயிற்றில் ஊஞ்சல்போல் தொங்கும் பை காற்றில் ஆடி, தானே ஸ்டாண்டைச் சாய்க்கும். ரப்பர் கயிற்றால் ஒரு காலோடு சேர்த்துக் கட்டிவிட்டால் ஆட்டம் நிற்கும். கால்களை நடுத்தண்டோடு இணைக்கும் மெல்லிய பட்டைகளின் மேல் மட்டும் எடையை ஏற்றாதீர்கள். மலிவான ஸ்டாண்டுகளில் அவை வளைந்துவிடும், வளைந்தபின் ஸ்டாண்டு ஒழுங்காக மடங்காது.

கடைசியாக, விரலால் சோதியுங்கள். விளக்கின் உயரத்தில் ஒரு விரலை வைத்து மெதுவாகத் தள்ளுங்கள், மூன்று பக்கமும். சுலபமாகக் கால் எழும்பினால் காற்று இன்னும் சுலபமாக எழுப்பும்.

ஆறாம் படி: இடத்துக்கு ஏற்றபடி

லிட்டில் இந்தியாவில், குறிப்பாகத் தீபாவளி விளக்குகள் எரியும் வாரங்களில், எதிரி காற்று இல்லை, கூட்டம். ஐந்தடி நடைபாதையில் யாரும் கீழே பார்த்து நடப்பதில்லை, எல்லாருடைய கண்ணும் மேலே வளைவு விளக்குகளில் இருக்கும். அங்கே கறுப்பு மணல் பை கண்ணுக்குத் தெரியாத கல். ஆரஞ்சு அல்லது மஞ்சள் நிறப் பையாக வாங்குங்கள், அல்லது வெள்ளை ஒட்டுநாடாவைச் சுற்றுங்கள். நடைபாதை ஓரமாக, தூணுக்கு ஒட்டி, கால் ஒன்று சுவர்ப் பக்கம் இருக்கும்படி நிறுத்துங்கள்.

வீடமைப்பு வளர்ச்சிக் கழக அடுக்குமாடிகளின் வெற்றுத்தளத்தில் இரண்டு புளோக்குகளுக்கு இடையே காற்று குவிந்து வரும். வெளியே மரம் அசையாமல் நிற்கும், உள்ளே மேசை விரிப்பு பறக்கும். ஆகவே அங்கே மரத்தைப் பார்க்காதீர்கள், மேசை விரிப்பைப் பாருங்கள். தூணுக்குப் பின்னால் நிறுத்தினாலே பாதிப் பிரச்சினை தீரும். தாழ்வாரத்தில் படம் எடுத்தால் மக்கள் நடக்க 1.2 மீட்டர் அகலமாவது காலியாக இருக்கட்டும். அவசரத்தில் ஓட வேண்டிய வழி அது.

கிழக்குக் கடற்கரைப் பூங்காவில் மணலில் நிறுத்தினால் ஒரு கால் மட்டும் புதைந்து ஸ்டாண்டு சாயும், எடை கூடக்கூட இன்னும் புதையும். ஒவ்வொரு காலின் கீழும் ஒரு தட்டையான பலகைத் துண்டு வையுங்கள், பழைய சமையலறை வெட்டுப்பலகைகூடப் போதும். புல்லில் கூடார ஆணி அடிக்கலாமே என்று தோன்றும். பூங்காக்களின் தரையைத் துளைக்காதீர்கள். புல்லுக்குக் கீழே தண்ணீர்க் குழாயும் மின்கம்பியும் போகின்றன. வணிகப் படப்பிடிப்பு என்றால் தேசிய பூங்காக் கழகத்திடம் முன்கூட்டியே அனுமதி கேட்டுவிடுங்கள்.

சரிவில் நிறுத்தும்போது ஒரு கால் மட்டும் நீளும் ஸ்டாண்டு இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் மேட்டுப் பக்கக் காலில் பையைப் போடுங்கள், நடுத்தண்டு செங்குத்தாக வரும்வரை பள்ளத்துப் பக்கம் பலகையை அடுக்குங்கள். மண்டபத்துக்கு உள்ளே காற்றே இல்லை என்று எடையை மறக்காதீர்கள். ஆறு வயதுப் பிள்ளைகள் நான்கு பேர் ஓடிப்பிடித்து விளையாடும் மண்டபம், என் அனுபவத்தில், மரினா அணைக்கட்டைவிட ஆபத்தானது.

ஏழாம் படி: கழற்றுவது

ஏற்றும்போது முதலில் கால், பிறகு பை, பிறகு விளக்கு, கடைசியில் குடை. இறக்கும்போது இதைத் தலைகீழாகச் செய்யுங்கள். வேலை முடிந்த களைப்பில் பலர் முதலில் குனிந்து பையை எடுத்துவிடுகிறார்கள், மேலே குடை விரிந்தபடி நிற்கும். நாள் முழுக்கக் காற்றில் விழாமல் நின்ற ஸ்டாண்டுகள் இப்படி விழுந்து நான் பார்த்திருக்கிறேன். குடையை மடித்து, விளக்கைக் கழற்றி, தண்டை இறக்கிய பிறகே பையைத் தொடுங்கள்.

தண்ணீர்ப் பையை அங்கேயே காலி செய்துவிடுங்கள், பக்கத்தில் செடி இருந்தால் அதற்கு. வீட்டுக்கு வந்து ஜிப்பைத் திறந்து, தலைகீழாகத் தொங்கவிட்டு, உள்ளே ஒரு சொட்டும் இல்லாமல் உலர்த்துங்கள். மிச்சத் தண்ணீரோடு அலமாரிக்கு மேல் போட்டுவைத்தால் இந்த ஊரில் கொசு முட்டையிடும், டெங்கிச் சோதனைக்கு வரும் அதிகாரியிடம் அது புகைப்படச் சாதனம் என்று விளக்கிக்கொண்டிருக்க வேண்டியிருக்கும்.